ஒரு கிரெயின் குறைந்தால் என்ன? வார்ப்புக் குண்டின் எடையும் குறியும்

ஒரே அச்சில், ஒரே உருக்கில், அரை நிமிட இடைவெளியில் வார்த்த, ரைஃபிளில் சுடும் இரண்டு ஈயக் குண்டுகள். தராசில் வைத்தால் ஒன்று 170.6 கிரெயின், மற்றது 169.6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த ஒரு கிரெயின் வித்தியாசம் 100 கஜத் தொலைவில் என்ன செய்யும்? ஒரு மில்லிமீட்டர் மேலே கீழே ஆக்கலாம். அல்லது குண்டை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளிவிடலாம். எது நடக்கும் என்பது எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எங்கே குறைந்தது என்பதைப் பொறுத்தது. தராசுக்கோ எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். குண்டுகளை எடை பார்த்துப் பிரிப்பதன் பயன், எல்லை இரண்டுமே இதற்குள் இருக்கின்றன.

ஈயத்தை உருக்கித் தங்கள் குண்டைத் தாங்களே வார்த்து, தோட்டாவையும் கையால் அடைத்துச் சுடுவது அமெரிக்காவில் நூறாண்டு தாண்டிய பழக்கம். வார்ப்புக் குண்டுக்கென்றே அங்கே போட்டிகள் நடக்கின்றன. (இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை விஷயத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோருக்கு.) அந்தக் களத்தில் எல்லோருக்கும் பழகிய .30-30 ரைஃபிளையும் அதற்கான 170 கிரெயின் குண்டையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கிரெயின் என்பது 64.8 மில்லிகிராம், நம் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. 170 கிரெயின் என்றால் 11 கிராம். ஈயக் கலவையில் அது சரியாக ஒரு கன சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு கிரெயின் குறைய வேண்டுமானால், கடுகைவிடச் சற்றுப் பெரிய, 2.2 மி.மீ. விட்டமுள்ள ஒரு காற்றுக் குமிழ் போதும். கோவைப் பக்கத்து ஃபவுண்டரிகளில் ‘ப்ளோ ஹோல்’ என்பார்களே, அதேதான். வெளியே மழமழவென்று இருக்கும், உள்ளே பொத்தல்.

இரண்டு விதமான ஒரு கிரெயின்

முதலில் தீங்கில்லாத வகை. குண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கிறது, ஆனால் மொத்த எடை மட்டும் ஒரு கிரெயின் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 170-இல் 1 என்றால் 0.6 சதவீதம். அதே வெடிமருந்தளவு இந்த இலேசான குண்டைச் சற்று வேகமாகத் தள்ளும். கூடும் வேகம் சுமார் 0.3 சதவீதம். நொடிக்கு 540 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டுக்கு அது ஒன்றரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். 100 கஜம் போய்ச் சேர்வதற்குள் குண்டு புவியீர்ப்பால் 16 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழிறங்குகிறது. வேகம் 0.3 சதவீதம் கூடினால் அந்த இறக்கம் 0.6 சதவீதம் குறையும். ஆக ஒரு மில்லிமீட்டர். ஒரே மருந்தளவில் அடைத்த தோட்டாக்களுக்குள்ளேயே வேகம் இதைவிட அதிகமாக ஏறி இறங்கும். அந்த இரைச்சலில் இந்த ஒரு மில்லிமீட்டர் கேட்கவே கேட்காது.

இப்போது இரண்டாவது வகை. அதே ஒரு கிரெயின் குறைவு, ஆனால் குண்டின் நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. தள்ளி ஒரு பொத்தலாக இருக்கிறது. குண்டின் எடை மையம் எதிர்ப்பக்கமாக நகர்ந்துவிடும். எவ்வளவு நகரும்? 11 கிராமில் 0.065 கிராம், அதை 2 மி.மீ.-ஆல் பெருக்கினால் 0.012 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ரைஃபிள் குழல் குண்டைச் சுழற்றுகிறது. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் உட்சுவரில் மறை (திருகுப் பள்ளம்) வெட்டிய குழலென்றால், 100 கஜத்துக்குள் 300 சுற்று.

குழலுக்குள் இருக்கும்வரை குண்டு தன் வெளி உருவத்தின் நடுவைச் சுற்றித்தான் சுழல வேண்டும், சுவர் பிடித்திருக்கிறது. வாயை விட்டு வெளியே வந்த கணமே அது தன் எடை மையத்தைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். அதுவரை வட்டமடித்துக்கொண்டிருந்த எடை மையம், விடுபட்ட கணத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் சற்றே விலகிப் பறக்கும். கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல், கை விட்டதும் பக்கவாட்டில் பறப்பது மாதிரி. விலகலைக் கணக்கிட எடை மையம் நகர்ந்த தூரம், மொத்தச் சுற்றுகள், 6.28 (2π) மூன்றையும் பெருக்க வேண்டும். 0.012 × 300 × 6.28. விடை 22 மி.மீ.

ஒரு மில்லிமீட்டருக்கு எதிரே இருபத்திரண்டு. தராசு காட்டுவதோ இரண்டுக்கும் ஒரே எண்.

இந்த 22 மி.மீ. எந்தப் பக்கம் போகும் என்பது, தோட்டாவை உள்ளே தள்ளியபோது பொத்தல் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் போனால் இரண்டு துளைக்கும் இடையே 44 மி.மீ. நன்றாகச் சுடும் ஒரு ரைஃபிளின் ஐந்து குண்டுக் குரூப்பே, அதாவது அட்டையில் ஐந்து துளைகளின் மொத்தப் பரவலே, அவ்வளவுக்குள் அடங்கிவிடும்.

ஒரு நுணுக்கம் உண்டு. பொத்தல் சரியாகக் குண்டின் நடுக்கோட்டின் மேலேயே இருந்தால் எடை மையம் பக்கவாட்டில் நகராது, அந்தக் குண்டு நேராகவே போகும். குண்டின் அடிப்பக்கத்திலிருந்து ஈயம் ஊற்றும் அச்சுகளில் சுருக்கத்தால் வரும் குழி பெரும்பாலும் ஊற்றுவாய்க்கு நேர் கீழே, நடுவை ஒட்டித்தான் விழுகிறது. அதனால் எடை குறைந்த குண்டுகளில் சில அருமையாகச் சுடும். ‘எடை பார்ப்பதெல்லாம் வீண்வேலை, இலேசான குண்டும் இலக்கின் நடுவிலுள்ள பத்து வளையத்தில்தான் விழுந்தது’ என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இது. அவர்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் எந்தக் குண்டின் பொத்தல் நடுவில், எதனுடையது ஓரத்தில் என்று வெளியிலிருந்து சொல்ல வழியே இல்லை. சந்தேகப்பட்டு ஒதுக்குவதுதான் முறை.

எடை ஏன் மாறுகிறது

இலேசாகிப் போன குண்டுக்கு மூன்று காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று மேலே சொன்ன பொத்தல். இரண்டாவது, அடிவிளிம்பு முழுதாக நிரம்பாமல் உருண்டு போவது. இது எடையில் அரைக் கிரெயின்கூடக் காட்டாது, ஆனால் கேடு பெரிது. குண்டு குழலை விட்டு வெளியேறும்போது கடைசியாக விடுபடுவது அடிப்பகுதி. விளிம்பு ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் இருந்தால், பின்னாலிருந்து பீறிடும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலம் மில்ஃபோர்டைச் சேர்ந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மான், குண்டுகளின் மூக்கையும் அடியையும் வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டுப் பார்த்து 1909-இல் முடிவுகளை வெளியிட்டார். மூக்கு நசுங்கிய குண்டு ஓரளவு ஒழுங்காகவே போனது, அடி சிதைந்த குண்டு சிதறியது. தராசுக்குப் போகும் முன்னரே கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். மூன்றாவது காரணம் குளிர்ந்த அச்சு. மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, விரல் நகத்தால் தடவினாலே தெரியும்.

கனத்துப் போன குண்டை நல்ல குண்டு என்று நினைத்துவிடக் கூடாது. அச்சின் இரு பாதிகளும் முழுதாக மூடவில்லை என்றால் குண்டு கனக்கும். இடையில் ஒரு துளி ஈயம் ஒட்டி, வெறும் 0.025 மி.மீ. திறந்திருந்தாலே எடை முக்கால் கிரெயின் அளவுக்கு ஏறும். பக்கவாட்டில் மெல்லிய செதில்போல ஒரு கோடு ஓடும், குண்டும் வட்டமாக இருக்காது. அச்சை மேலே மூடியிருக்கும், ஊற்றுவாய் உள்ள தகடு தளர்ந்து மேலே தூக்கினாலும் அடியில் ஈயம் பரவிக் கனம் கூடும்.

பிறகு கலவை. ஈயத்தின் அடர்த்தி 11.34. வெள்ளீயம் 7.3, ஆன்டிமனி 6.7. இவை இரண்டும் கூடக் கூடக் குண்டு இலேசாகும். முன்பு செய்தித்தாள் அச்சகங்களில் வரி வார்த்த லைனோடைப் உலோகத்தில் 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தூய ஈயத்தில் 180 கிரெயின் வரும் அச்சில் லைனோடைப்பை ஊற்றினால் 165-ஐ ஒட்டி வரும். அதனால் பாதி வேலையில் வேறு கட்டியைப் பாத்திரத்தில் போட்டால் அதற்குப் பிந்திய குண்டுகள் எல்லாமே எடை மாறும், கடினமும் விட்டமும் கொஞ்சம் மாறும். அவை கெட்ட குண்டுகள் அல்ல, வேறு ஜாதி. முந்தியவற்றோடு கலக்காமல் தனியாக வைத்தால் போதும்.

இரட்டைக் குழி அச்சு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு குழியும் ஒரே எடை தருவது அபூர்வம். முதல் குழி, இரண்டாம் குழி என்று தொடக்கத்திலிருந்தே பிரித்துப் போடுங்கள். கலந்த பிறகு எடை பார்த்தால் இரண்டு குவியல் தெரியும், எது எதனால் என்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வார்க்கும்போதே சீராக்குவது

தராசு தவறைக் கண்டுபிடிக்கும், திருத்தாது. திருத்த வேண்டிய இடம் உருக்குப் பாத்திரத்துக்கு அருகில்தான்.

வீல் வெயிட், அதாவது கார்ச் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டும் ஈயக் கட்டிகளில் வார்ப்பதானால் உருக்கின் வெப்பம் 370 முதல் 400 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாக ஓட்டுபவருக்கு எடை ஒருநாளும் சீராக வராது. கலவையில் வெள்ளீயம் 2 சதவீதம் வரை சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக நிரம்பும். அதற்கு மேல் போடுவது காசுக்குக் கேடு.

வெப்பத்தைவிடவும் முக்கியம் தாளம். அச்சின் சூடு உங்கள் கைவேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு மூன்று வார்ப்பு என்று பிடித்தால் கடைசிவரை மூன்றுதான். நடுவில் நிறுத்தி, விழுந்த குண்டை எடுத்து ரசித்தால் அச்சு ஆறிவிடும், அடுத்த நாலைந்து குண்டுகள் இலேசாக வரும். ரசிப்பதை அடுப்பணைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தொடங்கும்போது வரும் முதல் பத்துப் பதினைந்தையும் எண்ணாமலே பாத்திரத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஊற்றும்போது தகட்டின் மேல் ஈயம் தாராளமாகக் குளம்போல நிற்கட்டும். பொத்தலுக்கு எதிரான முதல் காப்பு இதுதான். ஈயம் உறையும்போது சுருங்குகிறது. உள்ளே சுருங்கும் அளவுக்கு மேலிருந்து இன்னும் உருகிய நிலையில் உள்ள ஈயம் இறங்கி நிரப்ப வேண்டும். குளம் சின்னதாக இருந்தால் அது முதலில் உறைந்துவிடும், உள்ளே நிரப்ப ஆளிருக்காது. அப்படி வார்த்த குண்டின் அடியைப் பாருங்கள். ஊற்றுவாய் வெட்டிய வட்டத்தின் நடுவில் ஊசி முனை நுழையும் அளவுக்கு ஒரு குழி இருக்கும். குண்டூசியால் குத்திப் பார்த்தால் சில சமயம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போகும்.

குளத்தின் பளபளப்பு மங்கி உறைந்ததும் நாலைந்து நொடி பொறுத்துத் தகட்டைத் திருப்பி, மேலே நிற்கும் ஈயத்தை வெட்டுங்கள். அவசரப்பட்டால் அடியிலிருந்து ஈயம் பிய்ந்து வரும், எடையும் போகும், அடியும் கெடும். பாத்திரத்தின் அடியில் குழாய் வைத்து ஊற்றுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாத்திரத்தில் ஈய மட்டம் இறங்க இறங்க ஊற்றின் அழுத்தமும் குறையும். பாதிக்குக் கீழே போக விடாமல் அதே கலவைக் கட்டியைப் போட்டு, பழைய வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து பிறகு தொடருங்கள்.

உருகிய ஈயத்தின் அருகே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. ஈரக் கட்டியைப் போட்டாலே நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு வீசியடிக்கும். கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய காலணி, நல்ல காற்றோட்டம் எல்லாம் கட்டாயம். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுவேலை.

தராசின் முன்

குண்டுகள் ஆறியதும் முதலில் நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துக் கழியுங்கள். குழலில் வழுக்கிச் செல்ல எண்ணெய், மெழுகு பூசுவதற்கும், அடியைக் காக்கும் செம்புத் தொப்பி மாட்டுவதற்கும் முன்னால் எடை பார்க்க வேண்டும். பூசிய மெழுகு குண்டுக்குக் குண்டு மாறும், அந்த வித்தியாசம் ஈயத்தின் வித்தியாசத்தை மறைத்துவிடும். 0.1 கிரெயின் காட்டும் தராசு போதும். மின்தராசு என்றால் கால் மணி நேரம் போட்டு வைத்துவிட்டுத் தொடங்குங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், இருபது குண்டுக்கு ஒருமுறை படிக்கல்லை வைத்துப் பாருங்கள்.

எண்களை வரிசையாக எழுதாமல், குண்டுகளையே எடைவாரியாக மேசையில் பத்தி பத்தியாக நிறுத்துங்கள். உதாரணத்துக்கு 50 குண்டுகள். 170.2-க்கும் 171.0-க்கும் இடையே 42 வந்து குவிகின்றன. 169.6 முதல் 170.1 வரை 5. அதற்குக் கீழே 168.4, 167.9 என்று இரண்டு தனியாக நிற்கின்றன. மேலே 172.3-இல் ஒன்று. இந்தப் படத்தில் படிக்க நிறைய இருக்கிறது. கனமான பக்கம் சுவர்போல நிற்கிறது, ஏனென்றால் அச்சு முழுதாக நிரம்பிய பின் அதற்கு மேல் கனக்க இடமில்லை. இலேசான பக்கம் வால்போல நீளுகிறது, ஏனென்றால் குறைவதற்கு எல்லையில்லை. 172.3 அந்தச் சுவரைத் தாண்டியதால் அச்சு மூடாமல் வார்த்ததாகத்தான் இருக்கும், செதிலைத் தேடுங்கள். 167.9-ஐ வைஸில் பிடித்து நீளவாக்கில் அரத்தால் ராவிப் பாருங்கள். அநேகமாகப் பொத்தல் கண்ணில் படும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த 42-ஐ இன்னும் 0.2 கிரெயின் வாரியாக நறுக்கிப் பிரிக்க வேண்டுமா? 100 கஜத்துக்கு வேண்டியதில்லை. 170.3-க்கும் 170.9-க்கும் உள்ள சீரான வித்தியாசம் இலக்கு அட்டையில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. குவியலிலிருந்து விலகி நிற்பதை எடுப்பதுதான் வேலை. இடைப்பட்ட அந்த 5 குண்டுகளைக் குழலைச் சூடேற்றும் முதல் சுடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒதுக்கியவற்றை உருக்கினால் நஷ்டம் நேரம் மட்டும்தான், ஈயம் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

தொலைவு கூடினால் கணக்கு மாறும். .45-70 போன்ற பழைய துப்பாக்கிகளில் 500 கிரெயினைத் தாண்டிய குண்டுகளை 1000 கஜத்துக்குச் சுடுபவர்களுக்கு, குண்டு இறங்கும் ஆழமே பல பத்து மீட்டர். அங்கே ஒரு கிரெயின் சீரான வித்தியாசமும் சில அங்குலங்கள் வரை உயரத்தில் காட்டும். அவர்கள் நெருக்கமாகப் பிரிப்பதில் நியாயமிருக்கிறது. எதிர்முனையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். அரைக் கிராம் பெல்லட்டை எடை பார்த்துப் பிரிக்கும் வழக்கம் நம் ஊர்ச் சுடுதளங்களிலும் உண்டு. ஆனால் அந்தச் சின்னத் தொலைவில் பிழை விரிய இடமே கிடைப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குண்டு குழலுக்குப் பொருந்தாவிட்டால் எடைச் சீரால் எந்தப் பயனுமில்லை. குழலின் மறைப் பள்ளத்து விட்டத்தைவிடக் குண்டு 0.025 முதல் 0.05 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். .308 அங்குலக் குழலுக்கு .309 அல்லது .310. சின்னதாக இருந்தால் வாயு ஓரமாகக் கசிந்து ஈயத்தைக் கரைத்துக் குழலில் அப்பிவிடும். குரூப் நாலு அங்குலத்துக்கு விரிந்து கிடந்தால் முதலில் மைக்ரோமீட்டரை எடுங்கள், தராசு அப்புறம்.

உங்கள் குண்டுகள் உண்மையிலேயே சமநிலையில் உள்ளனவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. அச்சின் ஒரு பாதியில், குண்டில் மெழுகு நிற்கும் பள்ளத்தை உண்டாக்கும் இடத்தில், ஊசியால் மிக மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். ஒவ்வொரு குண்டிலும் அதே இடத்தில் ஒரு அடையாளம் விழும். அடைக்கும்போது அந்த அடையாளத்துக்கு நேராகக் கேஸின் (தோட்டாக் கூட்டின்) விளிம்பில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு ஐந்து குண்டுக் குரூப்களாக, புள்ளி எப்போதும் மேலே பார்க்கும்படி ஒன்று, கீழே பார்க்கும்படி ஒன்று, எந்தக் கணக்குமில்லாமல் ஒன்று என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். ஒரு சுற்றோடு முடிவுக்கு வராதீர்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து குரூப்பாவது வேண்டும். மேலே வைத்ததும் கீழே வைத்ததும் அட்டையில் வெவ்வேறு இடத்தில் விழுந்து, கணக்கில்லாமல் சுட்டது இரண்டையும் தழுவிப் பரந்திருந்தால், அச்சே ஒரு பக்கம் கோணலான குண்டைத் தருகிறது. அதை எந்தத் தராசும் காட்டாது, எல்லாக் குண்டும் ஒரே எடையில் ஒரே மாதிரிக் கோணலாக இருக்கும். அச்சை மாற்றும்வரை புள்ளியை மேலே வைத்தே சுடலாம். மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் விழுந்தால் அச்சு நேரானது. அதன் பிறகும் எப்போதாவது ஒரு குண்டு மட்டும் தனியே விலகி விழுந்தால், தராசில் தப்பி வந்த ஒரு பொத்தலைச் சந்தேகிக்கலாம்.